ஒரு கெட்டில், பத்துக் கோணங்கள்: போட்டோவிலிருந்து கியூபிசப் படம் செய்வது எப்படி

எந்த போட்டோ எடிட்டரைத் திறந்தாலும் ஏதாவது ஒரு மெனுவுக்குள் படத்தைச் சில்லு சில்லாக உடைக்கிற ஃபில்டர் ஒன்று இருக்கும். ஜிம்ப் மென்பொருளில் 'கியூபிசம்' என்ற பெயரிலேயே ஒன்று இருக்கிறது. கட்டம் எவ்வளவு பெரிதாக வேண்டும், நிறம் எவ்வளவு தூக்கலாக வேண்டும் என்று சொன்னால் போதும், இரண்டே நொடியில் உங்கள் படம் சின்னச் சின்னச் சதுரங்களாகச் சிதறி நிற்கும். பார்க்க அழகாகக்கூட இருக்கும். ஆனால் அதற்கும் கியூபிசம் என்ற ஓவிய இயக்கத்துக்கும் சம்பந்தம் மிகவும் குறைவு. ஒரே இடத்தில் நின்று எடுத்த ஒரே படம், உடைந்த கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது, அவ்வளவுதான். எத்தனை சில்லாக உடைத்தாலும் எல்லாச் சில்லும் ஒரே பக்கத்தைத்தான் காட்டும்.

கியூபிசம் உடைப்பதைப் பற்றியது இல்லை, சுற்றி வருவதைப் பற்றியது. ஒரு பொருளை முன்னால், பக்கவாட்டில், மேலிருந்து, பின்னாலிருந்து பார்த்து, பார்த்ததையெல்லாம் ஒரே தட்டையான பரப்பில் சேர்த்து வைப்பது. அப்படிச் சேர்க்கும்போதுதான் துண்டுகளும் கோணல் கோடுகளும் தன்னால் வருகின்றன. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதெல்லாம் ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ளக்கூடியது. பிடிபடவில்லை என்றால் எவ்வளவு விலை உயர்ந்த மென்பொருளை வைத்திருந்தாலும் வருவது அந்த ஃபில்டர் படம்தான். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் ஒரு படத்தைக் கொடுத்து 'பிக்காசோ பாணியில் மாற்று' என்று சொல்வதிலும் இதே பிரச்சினை உண்டு. ஒரு ஓவியத்தின் பாணியை எடுத்து போட்டோவுக்குப் பூசும் முறையை 2015-இல் காட்டிஸ், எக்கர், பெத்கே என்ற மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள், அதன்பின் அதன் வாரிசுகள் நிறைய வந்துவிட்டன. அந்த முறை தூரிகைத் தடத்தையும் நிறத்தையும் கோட்டின் தன்மையையும் நன்றாகவே நகலெடுக்கும். ஆனால் நீங்கள் காட்டாத பின்பக்கத்தை அது போய்ப் பார்த்துவிட்டு வராது.

சரி, கொஞ்சம் வரலாறு. நிறைய வேண்டாம், வேலைக்கு ஆகிற அளவுக்கு மட்டும்.

1907-இல் பாரிஸில் பிக்காசோ 'அவிஞோன் பெண்கள்' என்ற பெரிய ஓவியத்தை வரைந்தார். அதே வருடம், முந்தைய ஆண்டு இறந்துபோன செசானின் ஓவியங்களைத் திரட்டி அந்த நகரில் ஒரு பெரிய நினைவுக் கண்காட்சி நடந்தது. செசான் மேசையின் விளிம்பை ஒரு உயரத்திலிருந்தும் அதன்மேல் இருக்கும் ஜாடியின் வாயை வேறொரு உயரத்திலிருந்தும் பார்த்து, கூச்சமே இல்லாமல் ஒரே படத்தில் வைத்தவர். இளைய ஓவியர்கள் பலருக்கு அது கதவைத் திறந்துவிட்டது. அவர்களில் ஒருவரான ஜார்ஜ் பிராக் 1908 கோடையில் தெற்கு பிரான்ஸில் லெஸ்தாக் என்ற கடலோர ஊருக்குப் போய், கதவும் ஜன்னலும் இல்லாத வீடுகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியதுபோல வரைந்துகொண்டு வந்தார். அப்புறம் பிக்காசோவும் பிராக்கும் கிட்டத்தட்ட கூட்டு வேலைபோலவே தொடர்ந்தார்கள். 1914-இல் போர் வந்து பிராக் ராணுவத்துக்குப் போகும்வரை அது நடந்தது.

இந்தச் சில வருடங்களை இரண்டாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். 1912 வரைக்குமான பகுதியைப் பகுப்பாய்வுக் கியூபிசம் என்பார்கள். பழுப்பு, சாம்பல், மங்கிய பச்சை என்று நிறத்தை ஒடுக்கிவிட்டு, பொருளைச் சின்னச் சின்னச் சாய்தளங்களாகப் பிரித்துப் பிரித்து ஆராய்வது. 1912-க்குப் பிறகு வருவது தொகுப்புக் கியூபிசம், அதாவது எதிர்த் திசை: பெரிய தட்டையான வடிவங்கள், திரும்பி வந்த நிறங்கள், ஒட்டப்பட்ட செய்தித்தாள், சுவர்க்காகிதம். போட்டோவை வைத்து வேலை செய்பவருக்கு இந்த இரண்டும் இரண்டு வேறு செய்முறைகள் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் படத்துக்கு நான் முதலாவதையே சொல்வேன். அதில் நிறத்தைப் பற்றிக் கவலைப்படாமல் வடிவத்தோடு மட்டும் மல்லுக்கட்டலாம்.

'ஓவியர்கள் கையால் செய்ததைக் கேமராவால் செய்வது ஏமாற்று வேலை இல்லையா' என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. பிக்காசோவே 1909-இல் ஸ்பெயினில் ஓர்தா என்ற மலை ஊரில் தங்கி வரைந்தபோது அந்த வீடுகளை போட்டோவும் எடுத்திருக்கிறார். 1912-இல் அவர் செய்த 'நாற்காலிப் பின்னலோடு அசைவற்ற பொருட்கள்' என்ற முட்டை வடிவப் படத்தில் நாற்காலியின் பிரம்புப் பின்னல் இருக்கிறதே, அது அவர் வரைந்தது இல்லை, நிஜப் பிரம்பும் இல்லை. பின்னல் உருவம் அச்சடிக்கப்பட்ட ஒரு எண்ணெய்த் துணியை அப்படியே வெட்டி ஒட்டிவிட்டு, படத்தைச் சுற்றி ஒரு கயிற்றையும் சட்டமாகக் கட்டியிருக்கிறார். இயந்திரம் செய்த ஒரு படத்தை எடுத்துத் தன் படத்துக்குள் வைப்பது கியூபிசத்தின் உள்ளேயே இருக்கிற வழக்கம்தான்.

இன்னும் நேராக நம் வேலைக்கு முன்னோடி பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி. 1982 வாக்கில் அவர் போலராய்டு கேமராவால் ஒரு அறையையோ ஒரு மனிதரையோ துண்டு துண்டாக எடுத்து, கட்டங்களாக அடுக்க ஆரம்பித்தார். பின்னர் சாதாரணப் பிரிண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினார். 1986-இல் செய்த 'பியர்பிளாசம் ஹைவே' என்ற படத்தில் பாலைவனச் சாலை ஒன்று நூற்றுக்கணக்கான பிரிண்டுகளால் கட்டப்பட்டிருக்கிறது. சாலை ஓரத்தில் நிற்கும் பலகையை அவர் தூரத்தில் நின்று எடுக்கவில்லை, ஏணி வைத்து ஏறி அதன் முகத்துக்கு நேராக நின்று எடுத்தார். அதனால் அந்தப் படத்தில் ஒவ்வொரு பொருளும் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறது. தூரத்தில் எடுத்த ஒரே போட்டோவில் இது நடக்காது. கேமராவுக்கு ஒரு கண்தான். 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வகுக்கப்பட்ட தூரக்காட்சி விதிகளை, அதாவது எல்லாக் கோடும் தொலைவில் ஒரு புள்ளியில் போய்ச் சேரும் என்பதை, அது கேள்வி கேட்காமல் பின்பற்றுகிறது. அந்த ஒற்றைக் கண்ணைப் பல தடவை திறந்து மூடி, அதை அதனோடேயே முரண்பட வைப்பதுதான் நம் வேலை.

படம் எடுப்பது

முதல் பொருளாக ஒரு கெட்டிலைப் பரிந்துரைக்கிறேன். அதற்கு மூக்கு இருக்கிறது, கைப்பிடி இருக்கிறது, மூடி இருக்கிறது, வயிறு இருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு பக்கத்திலிருந்து பார்த்தால்தான் நன்றாகத் தெரியும். மூக்கின் வளைவு பக்கவாட்டில், மூடியின் வட்டம் மேலிருந்து, கைப்பிடிக்கும் உடலுக்கும் இடையில் இருக்கிற வெற்றிடம் கொஞ்சம் சாய்வாகப் பார்த்தால். ஒரு பந்தை எடுத்துக்கொண்டால் இந்த விளையாட்டு நடக்காது, எந்தப் பக்கம் போனாலும் அதே வட்டம். வயலின், கிடார், பாட்டில், கோப்பை என்று கியூபிஸ்டுகள் திரும்பத் திரும்ப ஒரே சாமான்களை வரைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் உருவம் மாறுகிறவை அவை, ஆனால் ஒரு சின்ன வளைவைக் காட்டினாலே இன்னது என்று தெரிந்துவிடுகிறவை. பளபளவென்று மின்னும் எஃகுக் கெட்டிலைவிட, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காத மேற்பரப்பு உள்ளது நல்லது.

ஜன்னல் பக்கத்தில் வைத்து, ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், அது நிழலைத் தின்றுவிடும், நிழல் இல்லாமல் தளம் இல்லை. போனில் எடுக்கிறீர்கள் என்றால் திரையில் பொருளின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகசும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். இதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு பிரகாசத்தில் வந்து பிறகு உயிரை எடுக்கும். பின்புலம் வெறுமையாக இருக்கட்டும். பிறகு பொருளை அசைக்காமல் நீங்கள் அதைச் சுற்றி வாருங்கள். கண் மட்டத்தில் ஒரு சுற்று, கொஞ்சம் மேலிருந்து ஒரு சுற்று, நேர் மேலிருந்து ஒன்று, மேசை மட்டத்துக்குக் குனிந்து ஒன்று இரண்டு. எட்டிலிருந்து பன்னிரண்டு படம் போதும். தூரம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால் பின்னால் அளவைப் பொருத்துவது சுலபம்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். மூக்கின் நுனி மட்டும், கைப்பிடியின் திருகாணி மட்டும், மூடியின் குமிழ் மட்டும் என்று நாலைந்து நெருக்கப் படங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். மேசையின் மரத்தையும், சுவரையும், பக்கத்தில் ஒரு செய்தித்தாள் கிடந்தால் அதையும். இவை எங்கே போகும் என்று இப்போது தெரிய வேண்டியதில்லை. ஆனால் எடிட் செய்யும்போது 'இங்கே ஒரு மரத் துண்டு இருந்தால்' என்று தோன்றும், அப்போது எழுந்துபோய் எடுத்தால் வெளிச்சம் மாறியிருக்கும்.

எலும்புக்கூடு

மென்பொருள் எதுவாகவும் இருக்கலாம். லேயரும் (ஒன்றின்மேல் ஒன்று அடுக்குகிற படலம்) மாஸ்க்கும் (படலத்தின் ஒரு பகுதியை அழிக்காமல் மறைக்கிற திரை) இருக்க வேண்டும், அவ்வளவே நிபந்தனை. ஜிம்ப், கிரிட்டா இரண்டும் இலவசம். ஃபோட்டோபியா பிரவுசரிலேயே ஓடும், முகப்பு கிட்டத்தட்ட ஃபோட்டோஷாப் மாதிரியே இருக்கும். போனில்தான் செய்வேன் என்றால் ஐபிஸ்பெயின்ட் போன்ற லேயர் உள்ள செயலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விரலால் நுணுக்கமாக வெட்டுவது கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும்.

3000-க்கு 4000 பிக்சல் அளவில் ஒரு புதிய கேன்வாஸ் திறங்கள். 12 மெகாபிக்சல் கேமராப் படத்தின் அளவும் இதுதான், 300 டிபிஐ-யில் அச்சடித்தால் சுமார் 10-க்கு 13 அங்குலம் வரும். எல்லாப் படங்களையும் தனித்தனி லேயராக உள்ளே கொண்டுவந்து, எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுங்கள். தயங்காமல் மாற்றுங்கள். நிறம் இருக்கும்வரை கண் 'இது கெட்டில், இது சுவர்' என்று பிரித்துக்கொண்டே இருக்கும். கறுப்பு வெள்ளையில் எல்லாமே வெளிச்சமும் இருட்டுமாக மாறி, கெட்டிலின் நிழல் பக்கமும் சுவரின் நிழல் பக்கமும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும்.

இப்போது எல்லாவற்றுக்கும் மேலே ஒரு காலி லேயரைப் போட்டு, அதில் நேர்க்கோடுகளால் ஒரு எலும்புக்கூடு வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை, இறுதியில் இதை அணைத்துவிடுவோம். எங்கே வெட்டப் போகிறோம் என்று முன்னாலேயே தீர்மானித்துக்கொள்வதற்காகத்தான் இது. கோடுகள் கண்டபடி எல்லாத் திசையிலும் போகாமல் மூன்று நான்கு திசைகளுக்குள் அடங்கட்டும்: ஒரு செங்குத்து, இடப்பக்கம் ஒரு சாய்வு, வலப்பக்கம் ஒரு சாய்வு, முடிந்தால் ஒரு கிடை. பகுப்பாய்வுக் கட்டத்து ஓவியங்களைக் கூர்ந்து பார்த்தால், குழப்பமாகத் தோன்றினாலும் அடியில் ஒரு சாரம் கட்டியிருப்பது தெரியும், ஒரே சாய்வு படம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். திசைகளை ஒடுக்கினால் படம் தானாக ஒன்றுசேரும். நடுவில் கோடுகள் நெருக்கமாகவும், ஓரங்களுக்குப் போகப் போகத் தளர்வாகவும் இருக்கட்டும். அந்த ஓவியங்களில் நான்கு மூலைகள் பெரும்பாலும் மங்கலாக, கிட்டத்தட்டக் காலியாகவே இருக்கும், சிலவற்றை முட்டை வடிவத்திலேயே வரைந்ததால் மூலை என்பதே கிடையாது.

வெட்டும் முறை

துண்டுகளை அழித்து வெட்டாதீர்கள், மாஸ்க் போட்டு மறையுங்கள். அழித்துவிட்டால் போனது போனதுதான், மாஸ்க் என்றால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரும். தொடக்கத்திலிருந்தே பழகிக்கொள்ள வேண்டிய ஒரு ஏற்பாடு இருக்கிறது: ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குரூப், அதாவது லேயர்களைச் சேர்த்து வைக்கிற ஒரு உறை. குரூப்புக்குள் போட்டோ, குரூப்புக்கு மாஸ்க். எலும்புக்கூட்டில் ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, நேர்க்கோட்டு லாஸோ என்ற தேர்வுக் கருவியால் அதைச் சுற்றிக் கட்டி (ஜிம்பில் எஃப் எழுத்தை அழுத்தினால் வருகிற கருவியே போதும்), அந்தத் தேர்விலிருந்து குரூப்பின் மாஸ்க்கை உண்டாக்குங்கள். இப்போது அந்த வடிவம் ஒரு ஜன்னல். உள்ளே இருக்கும் போட்டோவை மட்டும் தேர்ந்தெடுத்து நகர்த்தினால், திருப்பினால், பெரிதாக்கினால், ஜன்னல் அங்கேயே இருக்கும், காட்சி மட்டும் மாறும். மாஸ்க்கை போட்டோ லேயரிலேயே நேராகப் போட்டால் இரண்டும் சேர்ந்தே நகர்ந்து தொல்லை கொடுக்கும். ஃபோட்டோஷாப்பில் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சங்கிலிக் குறியைத் தட்டிப் பிரித்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான், ஆனால் குரூப் வழி பெரும்பாலான மென்பொருள்களில் வேலை செய்கிறது.

இந்த ஜன்னல் ஏற்பாடு கைக்கு வந்ததும் விஷயம் சூடு பிடிக்கும். ஒரு ஜன்னலில் பக்கவாட்டிலிருந்து எடுத்த மூக்கு. பக்கத்து ஜன்னலில், மூக்கு உடலோடு சேர்கிற இடம், ஆனால் மேலிருந்து எடுத்த படத்திலிருந்து. அதற்கு மேல் மூடியின் முழு வட்டம். அடுத்ததில் அதே மூடி, ஆனால் கண் மட்டத்தில், வெறும் ஒரு கோடாக. ஒரு ஜன்னலில் ஒன்றும் வேண்டாம், சுவர் மட்டும். ஒவ்வொரு துண்டையும் வைக்கும்போது ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்தத் துண்டு, பக்கத்துத் துண்டு சொல்லாத எதையாவது சொல்கிறதா? இரண்டும் ஒரே கோணத்திலிருந்து வந்திருந்தால் அந்தக் கோடு வீண், இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிடுங்கள். முதல் படத்துக்கு 25-லிருந்து 40 துண்டுகள் தாராளம். நூறு துண்டு போட்டால் நூறு மடங்கு கியூபிசம் ஆகிவிடாது, கூழாகத்தான் ஆகும்.

ஒரு கோட்டைத் துண்டு தாண்டித் தொடர விடுவது நல்ல தந்திரம். மூக்கின் கீழ் விளிம்பு ஒரு துண்டில் முடிகிற இடத்தில், அடுத்த துண்டில் மேசையின் விளிம்பு அதே சாய்வில் தொடங்கும்படி உள்ளே இருக்கும் போட்டோவைத் திருப்பி வையுங்கள். இரண்டும் வெவ்வேறு பொருள், வெவ்வேறு தூரம், ஆனால் கண் ஒரே கோடாகப் படித்துக்கொண்டு போய்விட்டு, பாதியில் நின்று 'என்ன இது' என்று திரும்பி வரும். அந்தத் திரும்பி வருதலுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

விளிம்புகள்

என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் மிக முக்கியமான கட்டம் இதுதான், தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் தாண்டிப்போவதும் இதைத்தான். எல்லாத் துண்டுகளும் எல்லாப் பக்கமும் கத்தியால் வெட்டியதுபோலக் கூர்மையாக இருந்தால் படம் ஒட்டுவேலை போலத் தெரியும், துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும், ஒன்றுக்குள் ஒன்று போகாது. செசானிடமிருந்து பிராக்கும் பிக்காசோவும் எடுத்துக்கொண்ட மிகப் பெரிய பாடம், ஒரு தளத்தின் ஒரு விளிம்பை மூடாமல் விட்டு, அதைப் பக்கத்துத் தளத்துக்குள் வழிய விடுவது. பொருள் எங்கே முடிகிறது, பின்புலம் எங்கே தொடங்குகிறது என்று அந்த இடத்தில் சொல்ல முடியாது.

இதை மாஸ்க்கில் செய்வது மிகச் சுலபம். மாஸ்க்கில் வெள்ளை இருக்கும் இடம் தெரியும், கறுப்பு இருக்கும் இடம் மறையும், சாம்பல் அரைகுறையாகத் தெரியும். எனவே மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, கறுப்பிலிருந்து ஒன்றுமில்லாததற்குப் போகிற கிரேடியன்ட் ஒன்றை ஒரு பக்கத்திலிருந்து உள்ளே இழுங்கள். அந்தப் பக்கம் கரைந்துவிடும், மற்ற பக்கங்கள் கூர்மையாகவே இருக்கும். ஒரு துண்டுக்கு ஒன்றோ இரண்டோ விளிம்பு கரையட்டும், மற்றவை நிற்கட்டும். எதைக் கரைப்பது? பக்கத்தில் இருக்கும் துண்டின் வெளிச்ச அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கிற பக்கத்தைக் கரையுங்கள், வெளிச்சமும் இருட்டும் மோதுகிற பக்கத்தைக் கூர்மையாக விடுங்கள்.

அடுத்தது நிழல். ஒவ்வொரு குரூப்புக்குள்ளும் போட்டோவுக்கு மேலே ஒரு காலி லேயர் போட்டு, மல்டிப்ளை என்ற கலப்பு முறையில் வைத்து, ஒரு விளிம்பிலிருந்து உள்நோக்கி அடர் சாம்பல் கிரேடியன்ட் ஒன்றை இழுத்து, ஒபாசிட்டியை (அடியில் இருப்பதை எவ்வளவு மறைக்கிறது என்ற அளவை) 20-லிருந்து 40 சதவீதத்துக்குள் வையுங்கள். குரூப்பின் மாஸ்க் இந்த நிழலையும் சேர்த்தே வெட்டிவிடும் என்பதால் வெளியே சிந்தாது. உடனே அந்தத் துண்டு ஒரு பக்கம் உள்ளே சாய்ந்த தகடுபோலத் தோன்றும். இந்த நிழல்கள் எல்லாம் ஒரே திசையிலிருந்து வர வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு துண்டுக்கு வெளிச்சம் இடப்பக்கம், அடுத்ததற்கு வலப்பக்கம். இயற்கைக்கு விரோதம்தான், ஆனால் கியூபிஸ்டுகள் வேண்டுமென்றே அப்படித்தான் செய்தார்கள்.

ஒளி ஊடுருவல் பற்றியும் ஒரு வார்த்தை. சில துண்டுகளை 60, 70 சதவீத ஒபாசிட்டியில் வைத்து அடியில் இருப்பது தெரியும்படி விடலாம். அடர்த்தி வேண்டிய இடத்தில் மல்டிப்ளை, வெளிச்சம் வேண்டிய இடத்தில் ஸ்கிரீன். மல்டிப்ளையில் வெள்ளைப் பகுதிகள் காணாமல் போகும், ஸ்கிரீனில் கறுப்புப் பகுதிகள் காணாமல் போகும் என்று நினைவு வைத்துக்கொண்டால் எதை எங்கே போடுவது என்று குழம்பாது. ஆனால் கை நீளக் கூடாது. எல்லாவற்றையும் ஊடுருவ விட்டால் அது டபுள் எக்ஸ்போஷர் போட்டோ ஆகிவிடும். அது வேறு கலை.

நிறம், அல்லது நிறமின்மை

கறுப்பு வெள்ளையில் எல்லாம் சரியாக நின்ற பிறகு, மேலே ஒரு கிரேடியன்ட் மேப் (வெளிச்ச அளவுக்கு ஏற்ப நிறம் பூசும் வசதி) போடுங்கள். இருட்டுக்கு அடர்ந்த காப்பிப் பழுப்பு, நடுவுக்கு மஞ்சள் காவி, வெளிச்சத்துக்கு அழுக்கு வெள்ளை. படம் முழுக்க ஒரே குடும்பமாகிவிடும், வெவ்வேறு போட்டோ என்பதே மறந்துபோகும். கொஞ்சம் உயிர் வேண்டும் என்றால் ஒன்றிரண்டு துண்டுகளில் மட்டும் சாம்பல் பச்சையோ நீலமோ லேசாகத் தடவலாம். தாளின் சொரசொரப்பையோ கேன்வாஸ் துணியையோ போட்டோ எடுத்து மேலே சாஃப்ட் லைட் என்ற கலப்பு முறையில் மெலிதாக வைத்தால் அந்த டிஜிட்டல் வழவழப்பு குறையும். எண்ணெய் ஓவியம்போல மாற்றுகிற ஃபில்டர்கள் எனக்குப் பிடிப்பதில்லை, வடிவம் நன்றாக இருந்தால் அவை தேவையில்லை, வடிவம் சரியில்லை என்றால் அவற்றால் காப்பாற்ற முடியாது.

தொகுப்புக் கியூபிசத்தின் பக்கம் போக விரும்பினால் இங்கிருந்து பாதை பிரிகிறது. துண்டுகளின் எண்ணிக்கையைப் பத்துக்குக் குறையுங்கள், பெரிதாக்குங்கள், நிழலைக் கிட்டத்தட்டக் கைவிடுங்கள். கெட்டிலின் வெளிக்கோட்டை மட்டும் ஒரு துண்டுக்கு வடிவமாக எடுத்து, உள்ளே கெட்டிலுக்குப் பதில் நீங்கள் எடுத்து வைத்த மரத்தின் படத்தையோ செய்தித்தாளையோ நிரப்புங்கள். 1912-இல் பிராக் மரம்போல அச்சடித்த சுவர்க்காகிதத்தை வெட்டி ஒட்டி, அதன்மேல் கரித்துண்டால் பழத்தட்டும் கோப்பையும் வரைந்தது இதே எண்ணத்தில்தான்: பொருளின் உருவம் ஓரிடத்தில், அதன் மேற்பரப்பு வேறோரிடத்தில். இதில் பளிச்சென்ற நிறங்களைத் துணிந்து போடலாம், ஆனால் மூன்று நான்குக்கு மேல் போனால் விளம்பரத் தாள் மாதிரி ஆகிவிடும்.

முகத்தில் செய்யலாமா

செய்யலாம், ஆனால் கெட்டிலுக்கு அப்புறம். முகத்தில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் நம் கண் கண்டுபிடித்துவிடும். நேர்முகம், இரண்டு பக்கவாட்டு முகம், இரண்டு முக்கால் முகம், தலையைக் கொஞ்சம் குனிந்தும் நிமிர்ந்தும் ஒவ்வொன்று என்று எடுத்துக்கொண்டு, எல்லாப் படத்திலும் கண்ணுக்கும் தாடைக்கும் உள்ள தூரம் ஒன்றாக இருக்கும்படி அளவைப் பொருத்திக்கொள்ளுங்கள். பிறகு பக்கவாட்டு மூக்கை நேர்முகத்தின் நடுவில் வைத்துப் பாருங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். உங்கள் முகத்தையே எடுத்துக்கொள்வது உத்தமம். வேறொருவர் முகம் என்றால் என்ன செய்யப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எல்லோருக்கும் தன் மூக்கு காதுக்குப் பக்கத்தில் இருப்பது பிடிக்காது.

ஒரு சின்னத் திருத்தம். கியூபிச முகம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருகிற, பக்கவாட்டு முகத்தில் இரண்டு கண்ணும் தெரிகிற அந்தப் பளிச் நிற உருவங்களில் பல, பிக்காசோ 1930-களில் வரைந்தவை. அவருடைய தோழி டோரா மாரின் உருவப்படங்கள் அப்படித்தான், 1937 வாக்கில் வந்தவை. கியூபிசம் உச்சத்தில் இருந்த காலத்து முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க, 1910-இல் அவர் வரைந்த, ஓவிய வியாபாரி கான்வைலரின் உருவப்படத்தைத் தேடிப் பாருங்கள். முதல் பார்வையில் பழுப்புத் தகடுகளின் குவியல் மட்டுமே தெரியும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் தலைமுடியின் ஒரு அலை, கடிகாரச் சங்கிலியின் ஒரு வளைவு, கீழே கோத்துவைத்த கைகள் என்று ஒவ்வொன்றாக மேலே வரும்.

எப்போது நிறுத்துவது என்பதற்கான விடையும் அந்தப் படத்திலேயே இருக்கிறது. பொருளைச் சிதைத்துக்கொண்டே போகலாம், ஆனால் பார்ப்பவர் பிடித்துக்கொண்டு ஏற இரண்டு மூன்று தடயங்களை விட்டுவைக்க வேண்டும். நம் கெட்டிலில் மூக்கின் நுனியும், மூடியின் குமிழும், கைப்பிடியின் ஒரு வளைவும் தெளிவாக, கூர்மையாக, படத்தின் வெவ்வேறு இடங்களில் இருந்தால் போதும், நடுவில் எவ்வளவு கலக்கினாலும் தாங்கும். சோதிக்க ஒரு வழி: படத்தைத் திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவில் வெளிச்சமும் இருட்டும் சேர்ந்து ஒரு உருவமாக நிற்க வேண்டும். எல்லா இடமும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் காண்ட்ராஸ்ட் பத்தவில்லை, சில துண்டுகளை நன்றாக இருட்டாக்குங்கள். இடவலமாகத் திருப்பியும் ஒருமுறை பாருங்கள், பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத சாய்வும் கனமும் அப்போது தெரியும். அதன்பின் பழக்கமில்லாத யாரிடமாவது காட்டி 'என்ன தெரிகிறது' என்று மட்டும் கேளுங்கள். உடனே 'கெட்டில்' என்றால் இன்னும் கொஞ்சம் கலைக்கலாம், அரை நிமிடம் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஒரு தடயத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

சேமிக்கும்போது லேயரோடு ஒரு பிரதி கட்டாயம் வேண்டும், ஜிம்ப் என்றால் எக்ஸ்சிஎஃப், மற்றவற்றில் பிஎஸ்டி அல்லது அந்தந்த மென்பொருளின் சொந்த வடிவம். பகிர்வதற்கு ஜேபெக் போதும், அச்சுக்கு டிஃப் அல்லது பிஎன்ஜி. அந்த லேயர் பிரதியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், ஏனென்றால் எலும்புக்கூட்டையும் ஜன்னல்களையும் அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் போட்டோக்களை மட்டும் மாற்றினால் அதே சாரத்தில் கெட்டிலுக்குப் பதில் ஒரு கிடாரோ ஒரு நாற்காலியோ வந்து உட்காரும், இரண்டாவது படத்துக்கு முதல் படத்தில் பாதி நேரம்கூட ஆகாது.